கூவிச் சொல்லாத எடை

என் பெயர் கருத்தக்கண்ணன். வயது எழுபத்தொன்று. தந்தை பெயர் சுருளி, இப்போது இல்லை. மதுரை ஆனையூரில் தண்ணீர்த் தொட்டித் தெரு, கதவு எண் 14-இல் குடியிருக்கிறேன். பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு, திருமங்கலத்தில் பருத்தி ஏலம் நடக்கும் விற்பனைக்கூடம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எடைப் பதிவு எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மருமகன் ராஜபாண்டி, ஒரு தனியார் மருத்துவமனையின் மீதும் அங்குள்ள மருத்துவர் தமிழ்மாறன் மீதும் 04.08.2025 அன்று இந்தக் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறார். அது சம்பந்தமாக இன்று 07.08.2025 காலை, சிறப்பு சார்பு ஆய்வாளர் திரு. செல்வக்குமார் அவர்கள் முன் இதைச் சொல்கிறேன். மனுவில் என் பெயர் இல்லை. என்னை யாரும் வரச் சொல்லவில்லை. நானாக வந்தேன்.

பாண்டீஸ்வரி எனக்கு ஒரே மகள், வயது முப்பத்தொன்பது. நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். மருமகன் தூத்துக்குடியிலிருந்து நாக்பூருக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறார். ஒரு நடை போனால் வீடு திரும்பப் பதினைந்து இருபது நாள் ஆகிவிடும். மகளுக்குச் சிறு வயதிலிருந்தே பருமனான உடம்பு. சர்க்கரையும் உண்டு. கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார மாட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் எவ்வளவு நேரமானாலும் நின்றுகொண்டே இருப்பாள்.

2024 நவம்பர் மாதம் அவளுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. அதன் பிறகு எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் கட்டி இருப்பதாகத் தெரிந்தது. வலது சிறுநீரகம் பிறவியிலேயே சிறியது என்றும் அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு மருத்துவர் தமிழ்மாறன், சி.டி. ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். ஸ்கேன் எடுக்கும் இடத்தில், மேசை நூற்றைம்பது கிலோ வரைதான் தாங்கும், எடை எவ்வளவு என்று எழுதி வாருங்கள் என்றார்கள். அங்கிருந்த எடை இயந்திரத்தில் அவள் ஏறியபோது எண் வராமல் கோடுகள் மட்டும் வந்தன. வேறு இரண்டு இடங்களிலும் அப்படியே ஆனது. அதனால் 24.11.2024 ஞாயிற்றுக்கிழமை, ஏலம் இல்லாத நாளாகப் பார்த்து, நான் வேலை பார்த்த விற்பனைக்கூடத்துக்கு அவளை ஆட்டோவில் அழைத்துப் போனேன். என்னோடு எடையாளராக இருந்த சோணை இப்போது அங்கே காவலாளியாக இருக்கிறார். அவர் திறந்துவிட்டார். அனுமதி வாங்காமல் தராசைப் பயன்படுத்தியது தவறென்றால் அந்தத் தவறு என்னுடையது, சோணையுடையது அல்ல.

இங்கே விற்பனைக்கூடத்து முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். தேவையா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மூடை தராசில் ஏறியதும் எடையாளர் அதன் எடையை இரண்டு தடவை கூவிச் சொல்வார். விற்கிறவர் காதிலும் வாங்குகிறவர் காதிலும் விழுந்த பிறகுதான் எழுத்தர் எழுத வேண்டும். கூவாத எடையை எழுதக் கூடாது. சோணை கூவுவார், நான் எழுதுவேன். எனக்கு அந்தக் குரல் எழும்பாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துபோனதால் என்னை நோட்டோடு உட்கார வைத்தார்கள்.

அன்று மகள் தராசில் ஏறத் தயங்கி நின்றாள். சோணை ஒரு முக்காலியை எடுத்துத் தராசின் மேல் போட்டார். "ஏறு தாயி. இதுல ஏறுன எந்த மூடையும் உள்ள எடையக் காட்டுனதில்ல. உங்கப்பா எழுதுறதுதான் எடை" என்றார். மகள் சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். எண் நின்றதும் சோணை பழக்கத்தில் வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார். முக்காலியின் எடையைக் கழித்து 148 கிலோ 600 என்று எழுதினேன். என் வேலைக்காலத்திலும் அதன் பிறகும் நான் எழுதிய எடைகளில் கூவாமல் எழுதியது அதுதான் முதலாவது.

மறுநாள் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி 3.1 சென்டிமீட்டர். அதன் பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்றும், மெதுவாக வளரும் வகை என்றும் வந்தது. 09.12.2024 அன்று மருத்துவர் தமிழ்மாறன் என்னையும் மகளையும் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். அவர் சொன்னதை அவர் எதிரிலேயே நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த எடையில் சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பு மூடியிருக்கிறது, மயக்க மருந்தில் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் மூச்சுக்குச் சிரமம், இப்போதே அறுத்தால் கட்டியை மட்டும் பிரித்தெடுப்பது கடினம், சிறுநீரகத்தையே எடுக்க வேண்டி வரலாம், மிஞ்சுவது சிறிய சிறுநீரகம், அது தாங்காவிட்டால் டயாலிசிஸ் என்றார். அதற்கு மாற்றாக, முதலில் இரைப்பையைச் சிறிதாக்கி எடை குறைக்கும் அறுவை சிகிச்சை செய்யலாம், ஆறேழு மாதத்தில் முப்பது நாற்பது கிலோ குறைந்தால் கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம் என்றார். எல்லாக் கட்டிக்கும் இப்படிக் காத்திருக்க முடியாது, இது சிறியது, மெதுவானது என்பதால்தான் சொல்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுப்போம், வளர்ந்தால் அன்றோடு காத்திருப்பை நிறுத்திவிடுவோம் என்றும் சொன்னார். மகள் மூன்று கேள்விகள் கேட்டாள். மூன்றுக்கும் பதில் சொன்னார். முடிவு உங்களுடையது, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள், கணவருக்குத் தெரியாமல் வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் மகள், கட்டிக்கு ஆபரேஷன் என்று வெளியில் சொல்வோம், உடம்பைக் குறைக்க என்று ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள். கணவரிடம் மறைக்க அவள் சொல்லவில்லை. தான் சொன்னால் அழுகை வந்துவிடும் என்று, அவரிடம் என்னைச் சொல்லச் சொன்னாள். நானும் சரி என்றேன்.

நான் சொல்லவில்லை. கட்டிக்கு ஆபரேஷன் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். காரணம் சொல்ல வேண்டுமானால், நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில், உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டதாகப் பேச்சு வந்தது. அப்போது மருமகன், "சோத்தக் குறைக்க மாட்டாம வயித்தக் குறைச்சுக்கிட்டு வாராகளாக்கும்" என்று சொல்ல, பந்தியே சிரித்தது. எனக்கு எதிர் இலையில் மகள் இருந்தாள். அவள் அதன் பிறகு சாம்பாரோடு எழுந்துவிட்டாள். இது நினைவில் இருந்ததால் இரண்டு முறை அவருக்குப் போன் செய்தும், ரோட்டில் மழை உண்டா, டயர் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதன் பிறகு மகள், "அவுககிட்டச் சொன்னீகளாப்பா, என்ன சொன்னாக?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன், சரி என்றார் என்றேன். 19.01.2025 அன்று மருத்துவரும் கேட்டார். போனில் சொல்லியாகிவிட்டது என்று அவரிடமும் சொன்னேன். கணவருக்கு நோயாளியின் தந்தை மூலம் தெரிவிக்கப்பட்டது என்று அவர் எழுதிக்கொண்டார். மருமகன் தம் மனுவில் பொய்ப் பதிவு என்று குறிப்பிட்டிருப்பது அந்த வரியைத்தான். பொய் என்னுடையது. மருத்துவர் நான் சொன்னதை எழுதினார்.

20.01.2025 அன்று மகளுக்கு எடை குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. சம்மதப் படிவம் தமிழில் இருந்தது. மகள் வரி வரியாகப் படித்து, அதிலிருந்த ஒரு எழுத்துப்பிழையைக்கூட நர்சிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். மாலை மூன்று நாற்பதுக்கு மருமகன் நாக்பூரிலிருந்து போன் செய்து, "கட்டிய எடுத்தாச்சா மாமா?" என்று கேட்டார். நான், "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது மாப்ள" என்றேன். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. சொன்னதில் பொய் இல்லை என்று அப்போது என்னைத் தேற்றிக்கொண்டேன். வாயால் சொல்ல வராததை எழுதி வைப்பது என் பழக்கம். அன்றைய தேதிக்குக் கீழே, 'மருமகன் கேட்டதற்குப் பதில் சொல்லப்படவில்லை. முன்பும் சொல்லவில்லை' என்று நோட்டில் எழுதினேன். அது பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது.

அதன் பிறகு இரண்டு வாரம் மகளுக்குத் திரவ உணவு மட்டும். ஆனையூரில் என் வீட்டில்தான் இருந்தாள். இருமல் மருந்து மூடியில் முப்பது மில்லி அளந்து, வடிகட்டிய பருப்புத் தண்ணீரும் மோரும் கொடுத்தேன். அதன் பிறகு குழைந்த கஞ்சி, அதன் பிறகு அரை இட்லி. ஏப்ரலில் எடுத்த ஸ்கேனில் கட்டி அதே 3.1. எடை 124 கிலோ. மே மாதம் இன்சுலின் நின்றது. ஜூனில் மாத்திரையும் ஒன்றாகக் குறைந்தது. கடையின் மாடிப்படியில் இடையில் நிற்காமல் ஏறியதாக ஒரு நாள் போன் செய்து சொன்னாள். பதினெட்டுப் படிகள்.

மருமகன் இடையிடையே வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று மகள் நினைத்தாள். கேலி செய்யாமல் இருக்கிறாரே, அதுவே பெரிது என்று அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மருமகனோ கட்டியை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தார். எடுத்த பிறகும் மனைவி மாதத்துக்கு ஆறு, ஏழு கிலோ இளைப்பதைப் பார்த்து, நோய் உள்ளே இருந்து தின்கிறது என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஊரிலிருந்து புறப்படும்போதெல்லாம் அவளுக்குப் பிடித்த பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்து வைப்பாராம். அவள் ஒரு துண்டு பிய்த்துத் தின்றுவிட்டுப் போதும் என்பாளாம். அவர் லாரிக்குக் காற்று பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விடுவாராம். லாரி தூத்துக்குடியில் நின்றிருக்கும். இவ்வளவும் எனக்கு இன்றுதான் தெரியும்.

27.07.2025 ஞாயிறன்று, மறுநாள் ஸ்கேனுக்கு முன் அதே தராசில் எடை பார்க்க வேண்டும் என்று மகளே கேட்டதால் திருமங்கலம் போனோம். இந்த முறை முக்காலி வேண்டாம் என்று தராசில் ஏறி நின்றாள். 108 கிலோ 400. சோணை இப்போதும் கூவவில்லை. என் காதில் சொல்லிவிட்டு, "அண்ணே, நாப்பது கிலோன்னா ஒரு சின்ன மூடையில்ல, இம்புட்டையும் பிள்ள சுமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கு" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்கேனில் கட்டி 3.2. ஒரு மில்லிமீட்டர் கூடியது பற்றி நான் பயந்து கேட்டதற்கு, அளவெடுப்பதில் வரும் வித்தியாசம் அவ்வளவு இருக்கும், வளர்ச்சி என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். தராசின் மேல் மின்விசிறிக் காற்று பட்டாலே கடைசி எண் ஆடும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் ஒத்துக்கொண்டேன். சிறுநீரகத்தைச் சுற்றியிருந்த கொழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, கட்டியை மட்டும் எடுத்துவிடலாம் என்று நம்புகிறேன், இனிமேல் தாமதிக்க வேண்டாம் என்று சொல்லி, 14.08.2025-க்கு நாள் குறித்தார்.

02.08.2025 அன்று ஊருக்கு வந்த மருமகனுக்கு, அலமாரியில் வண்டிக் காகிதம் தேடும்போது அந்த ஸ்கேன் அறிக்கை கிடைத்திருக்கிறது. இடது சிறுநீரகத்தில் 3.2 சென்டிமீட்டர் கட்டி என்று அதில் இருந்தது. அதோடிருந்த மருத்துவமனைக் காகிதம் ஒன்றில், கணவருக்குத் தெரிவிக்கப்பட்டது என்ற வரியும் இருந்திருக்கிறது. கட்டியை எடுக்காமலே எடுத்ததாகச் சொல்லி ஏமாற்றி, வயிற்றை மட்டும் அறுத்துத் தைத்துவிட்டார்கள், நோய் முற்றித்தான் இளைக்கிறாள் என்று முடிவு செய்து, மகள் 14-ஆம் தேதி ஆபரேஷனைப் பற்றிச் சொல்வதற்குள், அவளிடமும் கேட்காமல் மனு கொடுத்துவிட்டார். நோய் முற்றியது தெரிந்தால் அவள் பயந்துவிடுவாள் என்று கேட்கவில்லையாம். நேற்று மருத்துவமனையிலிருந்து மகளுக்குப் போன் வந்தது. கணவரே புகார் கொடுத்திருப்பதால், அது முடியும் வரை 14-ஆம் தேதி ஆபரேஷனை நிறுத்தி வைப்பதாக நிர்வாகம் சொல்கிறது என்றார்கள். மகள் உடனே பஸ் ஏறி ஆனையூர் வந்தாள். வாசலிலேயே நின்று, "அவுககிட்டச் சொன்னீகளா, இல்லையாப்பா?" என்று கேட்டாள். நான் நோட்டை எடுத்துப் பதினேழாம் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். படித்துவிட்டு நோட்டை மூடி, நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறோம், நீங்கள்தான் பேச வேண்டும் என்றாள். என்னால் முடியுமா என்று தெரியவில்லை என்றேன். தானும் வருவதாகச் சொன்னாள்.

இன்று காலை பத்து மணிக்கு நானும் மகளும் இங்கு வந்தோம். மனு விசாரணைக்கு வரச் சொல்லியிருந்ததால் மருமகன் ஏற்கெனவே வந்து, நிலையத்தின் முன்னால் நிறுத்தியிருக்கும் பறிமுதல் வண்டிகள் பக்கம் நின்றிருந்தார். நோட்டை அவர் கையில் கொடுத்து, மருத்துவர் சொன்னது இருக்கும் ஐந்தாம் பக்கத்தையும், பதினேழாம் பக்கத்தையும், எடைகள் எழுதிய கடைசிப் பக்கத்தையும் படிக்கச் சொன்னேன். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிக்கிறவர். நான் காத்திருந்தேன். முடித்ததும், "அப்ப, இவ எளைச்சது நோவுல இல்லையா மாமா?" என்று கேட்டார். "இல்ல மாப்ள. கொறைக்கத்தான் செஞ்சது. நாந்தான் உங்ககிட்டச் சொல்லல" என்றேன். அவர் அங்கிருந்த ஒரு பழைய மொபெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஏழு மாசமா மாமா, ஒவ்வொரு நடைக்கும் திரும்பி வாரப்ப இவ இருப்பாளோ மாட்டாளோன்னு வந்துக்கிட்டிருக்கேன். நீங்க என்னடான்னா நோட்டுல எழுதி வச்சிருக்கீக" என்றார்.

மகள் அவர் பக்கத்தில் போய் நின்று, கல்யாணப் பந்தியில் அவர் சொன்ன வார்த்தையைச் சொன்னாள். அவருக்கு அது நினைவில்கூட இல்லை. அதன் பிறகு அவர்கள் பேசியதை நான் கேட்கவில்லை, தள்ளி வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது, மகள் கொண்டுவந்திருந்த ஸ்கேன் பை மருமகன் கையில் இருந்தது.

அதன் பிறகு மூவரும் உள்ளே வந்தோம். மகள் இங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, தாங்குமா என்று யோசிக்காமல் உட்கார்ந்தாள். மருத்துவர் மேலோ மருத்துவமனை மேலோ தவறில்லை, தெரிவிக்கப்பட்டது என்ற பதிவு நான் சொன்ன பொய்யால் வந்தது, அதற்கு என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம் என்று அலுவலரிடம் சொன்னேன். இதைச் சொல்லும்போது என் குரல் கேட்கவில்லை என்று அலுவலர் சொன்னதால் மறுபடியும் ஒரு தடவை சத்தமாகச் சொன்னேன். மனுவைத் திரும்பப் பெறுவதாக மருமகன் தனியாக எழுதிக் கொடுக்கிறார். அதன் நகலை இன்றே மருத்துவமனையில் கொடுத்து, 14-ஆம் தேதியைத் திரும்பக் கேட்கப் போகிறோம். அந்தத் தேதி இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்று சற்று முன் போனில் விசாரித்ததில் தெரிந்தது. அடுத்த நடைக்கு வேறு டிரைவர் பார்க்கச் சொல்லிவிட்டதாக மருமகன் சொன்னார்.

இந்த வாக்குமூலத்தை அலுவலர் எனக்குப் படித்துக் காட்டியபோது, 20.01.2025 அன்று நடந்ததைப் பற்றிய இடத்தில் நான் பழக்கத்தில் 'வயிற்று ஆபரேஷன்' என்று சொல்லி, அவரும் அப்படியே எழுதியிருந்தது தெரிந்தது. அதைத் திருத்தலாமா, மகளுக்குச் சங்கடமாக இருக்குமா என்று நான் தயங்கினேன். அப்போது மகள் எழுந்து நின்று, "உடம்பக் கொறைக்கப் பண்ணுன ஆபரேஷன்னே எழுதுங்க சார். எடையையும் எழுதுங்க" என்றாள். அதன் பிறகு, எழுத்தர் மேசையில் இருந்த காவலரும் வாசலில் நின்ற இருவரும் திரும்பிப் பார்க்கும்படி, "நூத்தி எட்டுக் கிலோ நாநூறு" என்று இரண்டு தடவை சொன்னாள். அதன் பிறகு, இனி எழுதிக்கொள்ளலாம் என்று நான் அலுவலரிடம் சொன்னேன்.

'வயிற்று ஆபரேஷன்' என்பதை அடித்து 'எடை குறைப்பு அறுவை சிகிச்சை' என்று திருத்தியது என் சம்மதத்தோடு. திருத்திய இடத்தில் என் சுருக்கொப்பமும் மகளின் சுருக்கொப்பமும் இருக்கின்றன. அறுபத்து நான்கு பக்கம் எழுதிய என் நோட்டையும் இதோடு ஒப்படைக்கிறேன். 14-ஆம் தேதிக்கு முன் திரும்பக் கிடைத்தால் நல்லது, அதில் எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது. மேலே உள்ளவை நான் சொன்னவைதாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படிக்கக் கேட்டேன், என் காதிலும் மகள் காதிலும் மருமகன் காதிலும் விழுந்தது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சு. கருத்தக்கண்ணன்
07.08.2025, பகல் 12.50

என் முன்பாக,
(ஒப்பம்) செல்வக்குமார்
சிறப்பு சார்பு ஆய்வாளர்